ஹாம்நெட்: அது அப்பாவின் கதை அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஷேக்ஸ்பியரின் மகன் ஹாம்நெட் சிறுவயதில் இறந்ததை வைத்து மேகி ஓ'ஃபாரல் எழுதிய 'ஹாம்நெட்' நாவலுக்குச் சென்ற இதழில் வந்த மதிப்புரையைப் படித்தேன். அதில் ஷேக்ஸ்பியர் என்ற பெயர் எத்தனை முறை வருகிறது என்று பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே போனேன். இருபத்திரண்டு. நாவலின் கதைக்குள் அந்தப் பெயர் ஒருமுறைகூட இல்லை. லத்தீன் சொல்லித்தரும் வாத்தியார், கையுறைக்காரரின் மகன், கணவர், அப்பா என்றுதான் அந்த ஆள் வருகிறார்.

இதை மதிப்புரையாளர் 'வெறும் உத்தி' என்று ஒரே வரியில் தள்ளிவிட்டார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. என் அம்மா அப்பாவின் பெயரை வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டதில்லை. ரேஷன் கடையில் பெயர் கேட்டால் பக்கத்தில் நிற்கும் எங்களைத் திரும்பிப் பார்ப்பாள், நாங்கள் சொல்ல வேண்டும். ஊருக்கு எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும் வீட்டுக்குள் அவர் வெறும் 'அவுக'தான். ஸ்ட்ராட்ஃபோர்டில் ஷேக்ஸ்பியர் குடும்பம் இருந்த ஹென்லி தெரு வீட்டிலும் அப்படித்தான் இருந்திருக்கும் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

ஒரு தகவல் பிழையையும் சொல்லிவிடுகிறேன். சிறுவன் ஹாம்நெட் பிளேக்கில் இறந்ததாக உறுதியாக எழுதியிருக்கிறார்கள். 1596 ஆகஸ்ட் 11 அன்று அவனைப் புதைத்ததாக ஸ்ட்ராட்ஃபோர்டு தேவாலயப் பதிவேட்டில் இருக்கிறது. என்ன நோய் என்று அதில் இல்லை. பிளேக் என்பது நாவலாசிரியரின் ஊகம். அந்த ஊகத்தை வைத்து அவர் எழுதியிருக்கும் அத்தியாயத்தைப் பற்றி மதிப்புரையில் ஒரு வார்த்தைகூட இல்லாததுதான் எனக்கு ஆச்சரியம். அலெக்சாண்ட்ரியாவில் ஒரு குரங்கின் மேலிருந்து கப்பல் பையன் ஒருவனிடம் பிளேக்கைச் சுமந்த தெள்ளுப்பூச்சி தொற்றுகிறது. வெனிஸ் பக்கம் முரானோவில் கண்ணாடி மணி செய்பவருக்குக் கையில் காயம். அன்றைக்கு மணிகளை வேறொருவர் கந்தல் துணியில் பொதிந்து பெட்டியில் அடைக்கிறார். அந்தப் பெட்டி கடல் தாண்டி ஸ்ட்ராட்ஃபோர்டுக்கு, ஒரு தையல்காரியின் வீட்டுக்கு வருகிறது. பிரித்துப் பார்க்க ஆசைப்படுகிற சிறுமி, ஹாம்நெட்டோடு பிறந்த இரட்டை, ஜூடித். இந்தப் புத்தகம் வெளிவந்தது 2020 மார்ச்சில்! காய்கறிப் பையைக்கூட வாசலில் வைத்துக் கழுவிய நமக்கு அந்தப் பக்கங்களைச் சும்மா புரட்டிவிட்டுப் போக முடியுமா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இது 'ஹாம்லெட்' நாடகம் எப்படிப் பிறந்தது என்ற கதை என்றும், துயரம் கலையாக மாறும் அற்புதம் என்றும் மதிப்புரை முடிகிறது. (போகிற போக்கில் கடைசிக் காட்சியையும் முழுசாகப் போட்டு உடைத்துவிட்டார்கள்.) என் வாசிப்பில் இது ஹாம்நெட்டின் அம்மா ஆக்னஸின் கதை. உலகம் ஆன் ஹாத்தவே என்று அழைக்கிற அந்தப் பெண்ணை அவளுடைய அப்பா தன் உயிலில் ஆக்னஸ் என்றுதான் குறிப்பிட்டிருக்கிறார். நாவலும் அந்தப் பெயரையே எடுத்துக்கொள்கிறது. மூலிகை தெரிந்தவள், ஊருக்கே மருந்து கொடுத்தவள், தன் பிள்ளை படுத்த நேரத்தில் தேனீக்களைப் பார்க்கப் போயிருக்கிறாள். வீடெல்லாம் ஓடித் தேடும் பையனுக்கு ஒருவரும் அகப்படவில்லை. அவள் வந்ததும் இத்தனை நாளாகப் பயந்துகொண்டிருந்த நோஞ்சான் மகள் ஜூடித்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். பையன் பக்கம் கண் போகவில்லை. பின்னால் அவளைத் தின்பது இதுதான்.

ஜூடித்துக்குக் காய்ச்சல் முற்றும்போது ஹாம்நெட் அவள் பக்கத்தில் போய்ப் படுத்துக்கொள்கிறான். இரண்டு பேரும் உடுப்பு மாற்றிப் போட்டுப் பெரியவர்களை ஏமாற்றி விளையாடியவர்கள். அதே விளையாட்டைச் சாவிடமும் ஆடிப் பார்க்கிறான். இதை 'மாயக் கற்பனை' என்கிறது மதிப்புரை. எங்கள் பக்கம் வந்து பாருங்கள். முந்திப் பிறந்ததெல்லாம் போய்விட்டால் அடுத்ததைக் குப்பையில் போட்டு எடுத்து குப்புசாமி என்பார்கள், மூக்கைக் குத்தி மூக்கன் என்பார்கள், பிச்சை என்று பெயர் வைப்பார்கள். எமனுக்கு ஆள் அடையாளம் தெரியக் கூடாது, அவ்வளவுதான். என் தாய்மாமனுக்கும் அப்படி ஒரு பெயர்தான். எழுபது வயது வரை இருந்தார்.

இறந்த ஹாம்நெட்டின் உடம்பைக் கழுவித் துணி தைத்து மூடும் பகுதியை நான் இரண்டு நாள் தள்ளிவைத்துப் படித்தேன். ஹாம்நெட் இறந்த பதினொரு வயதைத் தன் மகன் தாண்டும் வரை ஓ'ஃபாரல் இந்த நாவலை எழுதப் பயந்தாராம். படித்தபோது அந்தப் பயம் எனக்குப் புரிந்தது. அதற்குப் பிறகு வருகிற மாதங்கள்தான் நாவலின் உயிர் என்பேன். கணவர் லண்டனுக்குக் கிளம்பிவிடுகிறார், ஆக்னஸ் அடுப்படியில் நிற்கிறாள். புருஷன் போனவளுக்கு ஒரு பெயர் இருக்கிறது, அப்பா அம்மா போன பிள்ளைக்கும் இருக்கிறது, இரட்டையில் ஒன்று போன எனக்கு என்ன பெயர் என்று ஜூடித் கேட்கிறாள். அம்மாவிடம் பதில் இல்லை. நம்மிடமும் புத்திர சோகம் என்று துக்கத்துக்குத்தான் பெயர் உண்டு, அதைச் சுமப்பவளுக்கு இல்லை. அந்தக் கேள்விக்குப் பக்கத்தில் வைத்தால் கடைசியில் வரும் நாடக அரங்கு எனக்குக் கொஞ்சம் வசதியாகவே பட்டது. லண்டன் வரை போய் ஆறுதல் தேடிக்கொள்ள எத்தனை பேருக்கு முடியும்?

என் அம்மாவுக்கு எண்பத்து நான்கு வயது. எத்தனை பிள்ளை என்று யாராவது கேட்டால் "பெத்தது அஞ்சு, தங்குனது மூணு" என்பாள். அந்த இரண்டு பேரைப் பற்றி அதற்கு மேல் பேசியதில்லை. போன வாரம் அவளுக்கு இந்தக் கதையைச் சொன்னேன். பையன் இடம் மாறிப் படுக்கிற இடத்தில், "அந்தப் பொட்டப்புள்ள பொழச்சுச்சா?" என்றாள். பிழைத்தாள், எழுபது வயதுக்கு மேல் இருந்தாள் என்றேன்.

"அது பெத்ததாவது தங்குச்சா?"

ஜூடித்துக்கு மூன்று ஆண் பிள்ளைகள். தன் அப்பாவின் குடும்பப் பெயரை வைத்த மூத்தது 1617இல் கைக்குழந்தையாகவே போனது. மற்ற இருவரும் 1639இல், ஒரு மாதத்துக்குள் அடுத்தடுத்துப் போனார்கள். இது நாவலில் இல்லை, வேறிடத்தில் படித்தது. அம்மாவிடம் "தெரியலம்மா" என்றேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
விருதுநகர் மாவட்டம்.