காலியாக விட்ட ஒரு கட்டம்

ஆசிரியருக்கு,

உலக வர்த்தக அமைப்பில் ஏழை நாடுகள் சேர்வது பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரை, கொமொரோஸ் (2024 ஆகஸ்ட் 21), கிழக்குத் திமோர் (ஆகஸ்ட் 30) ஆகியவை 165, 166ஆவது உறுப்பினர்கள் ஆனதை விழா போல விவரித்திருந்தது. சேர்ந்தது நல்லதுதான். ஆனால் சேர்வதற்காக இந்த நாடுகளுக்குத் தரப்படும் 'தொழில்நுட்ப உதவி' எதற்குப் போகிறது, எதற்குப் போக வேண்டும் என்ற இடத்தைக் கட்டுரை தொடவே இல்லை.

இந்த அமைப்புக்கு முன்பிருந்த காட் என்ற வர்த்தக ஒப்பந்தத்தில் 1948 முதலே இருந்த இந்தியாவும் இலங்கையும் 1995 ஜனவரி 1 அன்று நேரே உறுப்பினராகிவிட்டன. பிறகு வருகிறவர்களுக்கு, அமைப்பை உருவாக்கிய மராகேஷ் ஒப்பந்தத்தின் 12ஆவது பிரிவுதான் வாசல். 'ஒப்புக்கொள்ளப்படும் நிபந்தனைகளின் பேரில்' சேரலாம் என்கிறது அது. அந்த நிபந்தனை எதுவரை போகலாம் என்பதற்கு அதில் வரையறை இல்லை. விருப்பப்படும் எந்த உறுப்பு நாடும், விண்ணப்பித்த நாட்டோடு பேசும் பணிக்குழுவில் உட்கார்ந்து எதையும் கேட்கலாம்.

விண்ணப்பம் ஏற்கப்பட்டதும் நாட்டின் வர்த்தகச் சட்டம், வரி, உரிமம் எல்லாவற்றையும் விவரிக்கும் அறிக்கை ஒன்று கொடுக்க வேண்டும். உதவிப் பணத்தில் பெரும் பகுதி இங்கேதான் கரைகிறது. வெளிநாட்டு ஆலோசகர் வருவார், அழகான ஆங்கிலத்தில் எழுதுவார், விமானம் ஏறிவிடுவார். அதற்குப் பிறகு வரும் நூற்றுக்கணக்கான கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டியவர், அந்த அறிக்கையை எழுதாத உள்ளூர் அலுவலர். கூடவே வேளாண் மானியத்துக்குத் தனி அட்டவணை, அண்மைய மூன்று ஆண்டுக் கணக்கோடு. உர மானியக் கணக்கு நிதி அமைச்சகத்தில் இருக்கும், பாசனச் செலவு வேறு துறையில் இருக்கும், நன்கொடையாக வந்த விதை எந்தக் கணக்கிலும் இருக்காது. போன சுற்றில் தந்த எண் இந்தச் சுற்றில் மாறியதோ, கேள்விகள் இரட்டிப்பாகும், ஒரு வருடம் போகும்.

உண்மையான பேரம் வரிப் பட்டியலில்தான். பொருள்களை வகைப்படுத்தும் சர்வதேச எண் முறையான ஹெச்.எஸ். குறியீட்டின் ஆறு இலக்க அளவிலேயே 5,000க்கும் மேற்பட்ட பொருள் வகைகள் உண்டு. ஒவ்வொரு பொருளுக்கும் 'இதற்கு மேல் வசூலிக்க மாட்டோம்' என்று ஓர் உச்சவரம்பு எழுதிக் கொடுக்க வேண்டும். அதே பட்டியலில் ஓரமாக 'இதர வரிகளும் கட்டணங்களும்' என்று ஒரு கட்டம் இருக்கும். இலங்கை இறக்குமதிக்குப் போடும் செஸ், துறைமுக விமான நிலைய அபிவிருத்தி வரி போன்றவை இந்த வகை. சுங்கவரி வேலை முடிந்த களைப்பில் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டால் அதற்குப் பூஜ்யம் என்று பொருள். பட்டியலில் ஏறாத கட்டணத்தை அந்தப் பொருளின் மீது பிறகு விதிக்க வழியில்லை. இது போதாதென்று ஹெச்.எஸ். குறியீடே 2012, 2017, 2022 என்று மாறிக்கொண்டே வந்தது. பத்து வருடம் இழுக்கும் பேச்சில் பாதி வழியில் ஒரு குறியீடு மூன்றாகப் பிரியும்; பழைய பட்டியலைப் புதியதாக மாற்றும்போது தவறு நுழையும்.

அடுத்த பிழை, இன்று வசூலிக்கும் வரியையே உச்சவரம்பாக நீட்டுவது. கிழக்குத் திமோரில் 2008 சட்டப்படி இறக்குமதி வரி பொதுவாக ஒரே 2.5 சதவீதம். அந்த எண்ணின் அருகிலேயே உச்சவரம்பைக் கட்டிக்கொள்ளும் நாடு, பின்னாளில் உள்ளூர் கோழிப் பண்ணையைக் காக்க 20 சதவீதம் போட நினைத்தால், காட் ஒப்பந்தத்தின் 28ஆவது பிரிவின் கீழ் மறுபேச்சு நடத்தி வேறு பொருளில் ஈடு கொடுக்க வேண்டியிருக்கும். ஆனால் ஐ.நா. பட்டியலிட்ட மிகவும் பின்தங்கிய நாடுகளுக்காக 2012 ஜூலையில் உலக வர்த்தக அமைப்பின் பொதுக்குழு எடுத்த முடிவு, வேளாண் பொருள்களுக்குச் சராசரி 50 சதவீதம் வரையும், மற்றவற்றில் 95 சதவீதப் பொருள் வகைகளுக்குச் சராசரி 35 சதவீதம் வரையும் இடம் தருகிறது. பேச்சை அங்கிருந்து தொடங்க வேண்டும்.

இந்த முடிவுக்கு முன் நுழைந்தவர்கள் கொடுத்த விலையைப் பாருங்கள். 2004இல் சேர்ந்த நேபாளத்தின் சராசரி உச்சவரம்பு வேளாண் பொருள்களுக்குச் சுமார் 42 சதவீதம், மற்றவற்றுக்குச் சுமார் 24. பக்கத்தில் இருக்கும் வங்கதேசம் பழைய உறுப்பினர். அதன் பெரும்பாலான வேளாண் பொருள்களுக்கு 200 சதவீதம் வரை இடம் உண்டு, தொழிற்பொருள்கள் பலவற்றுக்கு உச்சவரம்பே கிடையாது. இருவரும் ஒரே 'மிகவும் பின்தங்கிய' வகைதான்! நேபாளம் ஓர் இடத்தில் கெட்டியாக நின்றது. புதிய பயிர் ரகங்களை உருவாக்குவோருக்கு உரிமை தரும் யூபோவ் உடன்படிக்கையில் சேரச் சொல்லி அழுத்தம் வந்தபோது, விவசாயிகள் விதை சேமிப்பது பாதிக்கப்படும் என்று உள்நாட்டில் எதிர்ப்பு எழுந்தது. தேச நலனைப் பார்த்துப் பரிசீலிப்போம் என்ற அளவில் வாசகத்தை நிறுத்தினார்கள். வனுவாட்டுவோ 2001இல் பணிக்குழு வேலை முடிந்த பிறகும் நிபந்தனைகளை யோசிக்க அவகாசம் வேண்டும் என்று விலகி நின்று, 2012இல்தான் சேர்ந்தது. தாமதமான நாடு தோற்ற நாடு என்பது போலக் கட்டுரை எழுதியது சரியல்ல.

இன்னொன்று, சங்கடமானது. ஆலோசகருக்குச் சம்பளம் தரும் பணக்கார நாடுகளே பணிக்குழு மேசையின் எதிர்ப்பக்கத்திலும் அமர்கின்றன. அதனால் வரிப் பட்டியல் வேலைக்காவது ஆலோசகரை அந்த நாடே தேர்ந்தெடுக்க வேண்டும். ஒப்பந்தம் அறிக்கையோடு முடியாமல் கேள்வி பதில் தீரும்வரை நீள வேண்டும். 2001இல் ஜெனீவாவில் தொடங்கிய உலக வர்த்தகச் சட்ட ஆலோசனை மையத்தின் உதவி, சேரும் முயற்சியில் இருக்கும் மிகவும் பின்தங்கிய நாடுகளுக்கும் உண்டு. அதைக் கேட்டுப் பெற வேண்டும்.

அந்த மையத்தின் பயன் நம் பக்கத்திலேயே தெரிந்தது. வங்கதேசத்தின் ஈய அமில பேட்டரிகள் மீது இந்தியா குவிப்புத் தடுப்பு வரி (விலையைக் குறைத்து வந்து குவியும் இறக்குமதிக்கு எதிரான வரி) போட்டது. தன்னிடமிருந்து இந்தியாவுக்குப் போகும் அளவே புறக்கணிக்கத்தக்கது என்பது வங்கதேசத்தின் வாதங்களில் ஒன்று. மையத்தின் வழக்கறிஞர்கள் துணையோடு 2004 ஜனவரியில் அது உலக வர்த்தக அமைப்பில் புகார் கொடுத்தது. மிகவும் பின்தங்கிய நாடு ஒன்று தொடுத்த முதல் வழக்கு அது. தீர்ப்பாயம் வரை போகவில்லை, 2005 ஜனவரியில் இந்தியா வரியை விலக்கிக்கொண்டது.

கிழக்குத் திமோர் 2025 அக்டோபர் 26 அன்று ஆசியானிலும் 11ஆவது உறுப்பினராகிவிட்டது. இனி ஆசியான் சரக்கு ஒப்பந்தத்துக்குத் தனி வரிப் பட்டியல், ஜெனீவாவுக்கு மானிய அறிவிப்பு, இறக்குமதி உரிம அறிவிப்பு, உணவுத் தரம் பற்றி விசாரிப்பவர்களுக்குப் பதில் சொல்ல ஓர் அலுவலகம். சேர்க்கைக்காகப் பயிற்றுவிக்கப்பட்ட அலுவலர்கள் வேறு துறைக்கு மாற்றப்படாமல் இருந்தால், இதையெல்லாம் அவர்களே செய்துவிடுவார்கள்.

– ஒரு வாசகர், திருச்சிராப்பள்ளி