டோனர் வண்டியைப் பிரிக்குமுன்

அன்புள்ள கயல்,

பாகங்களைக் கழற்றிப் புதுக் கார் கட்டுவதற்கான டோனர் வண்டியாக ஒரு மாஸ்டா எம்எக்ஸ்-5 பார்த்து வைத்திருப்பதாக எழுதியிருந்தாய். லோட்டஸ் செவன் என்ற லேசான, திறந்த இரண்டு சீட் கார் மாதிரி கட்டுவதென்றால் நல்ல தேர்வுதான்: நீளவாக்கில் என்ஜின், பின்சக்கர ஓட்டம், நாலு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக். கதவுக்கடியில் துரு தின்று, பிரிட்டனின் வருடாந்திர வண்டிச் சோதனையான எம்ஓடியில் தேறாத வண்டியாகப் பார். அந்தத் துரு பாடியோடு போய்விடும், விலையும் இறங்கும். பழைய 1.6 என்ஜின் என்றால் என்ஜினின் கிராங்க் ஷாஃப்ட் முனையில் இருக்கும் புல்லியில் டார்ச் அடித்துக் காடிகளை எண்ணு. நாலு இருந்தால் ஆரம்பகாலத்துக் குட்டை மூக்கு கிராங்க். புல்லி சுழலாமல் பிடிக்கும் கீ உட்காரும் பள்ளமான கீவே தேய்ந்து புல்லி ஆடத் தொடங்கும். எட்டு இருந்தால் பயமில்லை.

பிரிக்கும்போது ஒரு வயரையும் வெட்டாதே. கனெக்டரைக் கழற்றுமுன் இரண்டு பக்கமும் ஒரே நம்பரை ஒட்டு. ஹார்னஸ் (வயர்க் கட்டு), இசியு (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்), சாவி எல்லாம் ஒரே பெட்டியில் இருக்கட்டும். புது சேஸிஸில் (அடிச்சட்டத்தில்) என்ஜின் ஸ்டார்ட் ஆன பிறகு ஹார்னஸைக் குறைத்துக்கொள்ளலாம்.

சேஸிஸுக்கு 25 மி.மீ. சதுரக் குழாய், 1.6 மி.மீ. கனம். தட்டையான பலகையில் முழு அளவில் வரைந்து, எல்லாவற்றையும் முதலில் டேக் (சின்ன வெல்டிங் புள்ளி) மட்டும் அடி. மூலைக்கு மூலை அளந்து சரிபார்த்த பின், பக்கம் மாற்றி மாற்றி முழு வெல்டிங் போடு. ஒரே பக்கமாகப் போட்டுக்கொண்டே போனால் வாழைப்பழம் மாதிரி வளைந்துவிடும், நிமிர்த்தவே முடியாது.

நீ எழுதியதில் விட்டுப்போனது டிஃப் மவுண்ட், அதாவது பின்சக்கரங்களுக்கு ஓட்டத்தைப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியலைப் பிடிக்கும் பிடி. இந்த வண்டியில் கியர்பாக்ஸின் வாலையும் டிஃபின் மூக்கையும் ஒரு நீளமான அலுமினியச் சட்டம் பிடித்திருக்கும். செவன் சேஸிஸில் பெரும்பாலும் அதைக் கழித்துவிடுவார்கள். அப்புறம் கியர்பாக்ஸ் வாலுக்கு ரப்பர் மவுண்ட் வேண்டும், டிஃப் மூக்குக்குத் தனிப் பிடி வேண்டும். இரண்டாவதைத்தான் பலரும் ஒப்புக்குச் செய்கிறார்கள். ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் மூக்கு மேலே எழும்பும், காலை எடுத்ததும் இறங்கும். மெல்லிய தகடு வெல்டிங் ஓரத்திலேயே விண்டுபோகும். கனமான பிளேட் போட்டு, முக்கோணத் தாங்கல் கொடுத்து, இரண்டு சேஸிஸ் குழாய்களோடு சேர்த்துக் கட்டு. கியர்பாக்ஸ் ஷாஃப்டும் டிஃப் ஷாஃப்டும் ஒன்றுக்கொன்று இணையாக நிற்க வேண்டும். கோணம் பிசகினால் வேகம் கூடும்போது இரண்டையும் இணைக்கும் புரொப்பெல்லர் ஷாஃப்ட் அதிரும். ஷாஃப்டை வெட்டிக் குறைக்கும் வேலையை பேலன்சிங் செய்கிறவர்களிடமே கொடு.

பிரேக் மிதிக்கும் விசையைக் கூட்டித் தரும் சர்வோவுக்கு இடமிருக்காது. அது இல்லாமல் பெடல் கனக்கும், அதற்கேற்ப பெடலின் நீளத்தைக் கணக்கிடு. கட்டிய வண்டியை ரோட்டில் ஓட்ட அனுமதிக்குமுன் நடக்கும் ஐவிஏ சோதனையில், பிரேக் போட்டால் முன்சக்கரம்தான் முதலில் லாக் ஆக வேண்டும். முன்னுக்கும் பின்னுக்கும் பிரேக் விசையைப் பங்கிடும் பயாஸ் பாரைச் சரிசெய்து பூட்டிவிடு. பிரேக் பைப்புக்கு 300 மி.மீ.க்கு ஒரு கிளிப். கை படும் ஓரங்கள் 2.5 மி.மீ. ஆரத்துக்காவது உருண்டிருக்கட்டும். மூக்கு லேசான வண்டி என்பதால் ஸ்டீயரிங் தானாக நடுவுக்குத் திரும்பாமல் பலர் அங்கேதான் தோற்கிறார்கள். காஸ்டரை (முன்சக்கரம் திரும்பும் அச்சு பின்னால் சாயும் கோணத்தை) கூட்டிக்கொள்ளும்படி, சக்கரத்தைத் தாங்கும் மேல் கையான விஷ்போனில் அட்ஜஸ்ட்மென்ட் வை.

பெயின்ட் கடைசி வேலை. எல்லாவற்றையும் ஒருமுறை மாட்டிப் பார்த்து, துளை போட வேண்டியதையெல்லாம் போட்டு, திரும்பக் கழற்றிய பிறகுதான். ரசீதுகளையும் வேலை நடக்கும்போது எடுத்த படங்களையும் பத்திரப்படுத்து, நீயே கட்டியதற்கு அத்தாட்சி கேட்பார்கள். இடத்தை அடைக்கிறதென்று பழைய கூட்டை அவசரப்பட்டு ஸ்கிராப்புக்கு அனுப்பிவிடாதே. ஏதாவது ஒரு கிளாம்புக்கோ பிராக்கெட்டுக்கோ கடைசி வாரம் வரை அதனிடம் போக வேண்டியிருக்கும்.

அன்புடன்,
அப்பா