குழந்தையின் கட்டியை அவசரப்பட்டு வெட்ட வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பிள்ளையின் தொடையிலோ கையிலோ கட்டி தென்பட்டால், விழுந்து அடிபட்டிருக்கும் என்று எண்ணெய் தடவி உருவிவிடும் வழக்கம் நம் குடும்பங்களில் இன்னும் இருக்கிறது. பெரும்பாலான கட்டிகள் ஆபத்தற்றவைதாம்; ஆனால் தொடர்ந்து பெரிதாகும் கட்டியையோ, தசைக்குள் ஆழமாக இருக்கும் கட்டியையோ, வலி இல்லை என்பதற்காக விட்டுவிடக் கூடாது.

அதைவிடக் கவலை தருவது, ஸ்கேன் எடுக்காமலேயே கொழுப்புக் கட்டி என்று முடிவுசெய்து அதை வெட்டி எடுத்துவிடுவது. பின்னர் அது புற்று எனத் தெரியவந்தால், நோய் எதுவரை பரவியிருந்தது என்று கணிப்பது கடினமாகி, மீண்டும் அறுவை சிகிச்சை தேவைப்படலாம். முதலில் எம்ஆர்ஐ, பிறகு குழந்தைப் புற்றுநோய் மருத்துவர்களின் ஆலோசனையோடு ஊசிவழித் திசுப் பரிசோதனை என்பதே சரியான வரிசை.

நுண்ணோக்கியில் குழந்தைகளின் பல புற்றுகள் சிறிய, வட்டமான, நீலச் செல்களாக ஒரே மாதிரியே தெரியும். ராப்டோமயோசர்கோமா என்னும் தசைப் புற்றை உறுதிசெய்ய தசைச் செல்களுக்குரிய டெஸ்மின், மயோஜெனின் புரதங்களைத் திசுவில் தேட வேண்டும். அந்தப் புற்றில் ஃபாக்ஸோ1 மரபணு இணைவு (அந்த மரபணு வேறொரு மரபணுவுடன் ஒட்டிக்கொள்வது) இருக்கிறதா என்பதைப் பொறுத்துச் சிகிச்சையின் கடுமையே மாறக்கூடும். பச்சிளங்குழந்தைகளின் ஃபைப்ரோசர்கோமா என்னும் நார்த்திசுப் புற்றில் என்டிஆர்கே மரபணு இணைவு தெரிந்தால், 2018இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற லாரோட்ரெக்டினிப் போன்ற, அந்த இணைவையே குறிவைக்கும் மருந்துகள் உள்ளன.

ஆகவே, வேறு ஊர்களிலிருந்து கோலாலம்பூரின் துங்கு அசிசா போன்ற பெரிய மருத்துவமனைகளுக்கு அனுப்பப்படும் குழந்தைகளின் பெற்றோர், இந்தப் பரிசோதனைகளை அங்கே செய்ய வசதியாக, முதல் மருத்துவமனையிலிருந்து அறிக்கையை மட்டுமன்றி, எடுத்த திசுவைப் பதித்து வைத்திருக்கும் மெழுகுத் துண்டையும், நுண்ணோக்கியில் பார்க்கும் கண்ணாடித் தகடுகளையும் கேட்டுப் பெற வேண்டும். தனியார் மருத்துவமனைகள் அவற்றைத் தாமதமின்றித் தர முன்வர வேண்டும்.

இப்படிக்கு,
வாசகி, செந்தூல், கோலாலம்பூர்