பிளானை ஏற்றும் முன் விபிஎன்னைப் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். "100 எம்பிபிஎஸ்ஸுக்குப் பணம் கட்டுகிறோம், 10கூட வருவதில்லை" என்று வாசகர் ஒருவர் உங்கள் கடிதப் பகுதியில் எழுதியிருந்தார். நான் கோவில்பட்டியில் வீடுகளுக்கு ஃபைபர் இணைப்பு கொடுக்கும் உள்ளூர் ஆபரேட்டர். கேபிள் டிவி காலத்திலிருந்தே இந்தத் தொழிலில் இருக்கிறேன். அந்த வாசகரின் வீட்டு லைனை நான் பார்த்ததில்லை. ஆனால் செல்போனில் நெட் நன்றாக வருகிறது, ஆபீஸ் லேப்டாப்பில் மட்டும்தான் இழுக்கிறது என்று அவரே எழுதியிருக்கிறார். அப்படியென்றால் கம்பத்தில் ஏறிப் பார்த்துப் பயனில்லை. லேப்டாப்பில் இருக்கும் விபிஎன்னைத்தான், அதாவது லேப்டாப்பை இன்டர்நெட் வழியாக ஆபீஸ் நெட்வொர்க்கோடு ரகசியமாக இணைக்கும் மென்பொருளைத்தான், பார்க்க வேண்டும்.

எங்கள் பக்கம் குறையே வராது என்று சொல்லவில்லை. ஃபைபர் மடங்கியிருக்கும், ரவுட்டரைப் பீரோவுக்குப் பின்னால் வைத்திருப்பார்கள், பக்கத்து வீட்டு வைஃபையெல்லாம் ஒரே சேனலில் மோதும். அவற்றைச் சரிசெய்வது எங்கள் வேலை. ஆனால் 2020 ஊரடங்குக்குப் பிறகு வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர்கள் எங்கள் ஊர்ப் பக்கமும் நிறைய வந்துவிட்டார்கள். அவர்களிடமிருந்து வரும் புகார்களில் பெரும்பங்கு லைனைப் பற்றியதே இல்லை. அது தெரியாமல் பிளானை ஏற்றி ஏற்றிப் பணத்தை விடுகிறார்களே என்ற ஆதங்கத்தில்தான் எழுதுகிறேன்.

ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். அந்தப் பெண் சென்னை நிறுவனம் ஒன்றுக்கு வீட்டிலிருந்தே இன்ஷூரன்ஸ் கிளெய்ம் பார்க்கிறார். காலை பத்து மணி ஆனால் மீட்டிங்கில் குரல் விட்டுவிட்டுக் கேட்கிறது என்று கூப்பிட்டார். போய், ஃபைபரில் வரும் ஒளியின் பலத்தை அளக்கும் பவர் மீட்டரை மாட்டினேன். மைனஸ் 19 டிபிஎம். ஒளி மைனஸ் 27 வரை குறைந்தாலும் வீட்டு மோடம் தாங்கும் என்பதால் லைன் சுத்தம். வைஃபையையும் சந்தேகப்பட வேண்டாம் என்று லேன் கேபிளை நேராக லேப்டாப்பில் செருகினேன். விபிஎன் இல்லாமல் 94 எம்பிபிஎஸ் வந்தது. விபிஎன்னில் லாகின் செய்ததும் 8. ஸ்பீட் டெஸ்ட் பக்கத்தின் மேலே பார்த்தால் எங்கள் இணைப்பின் பெயரே இல்லை. வேறொரு நிறுவனத்தின் பெயரும், ஊர் சென்னை என்றும் இருந்தது. "300 பிளான் போட்டா சரியாயிருமா, அண்ணே?" என்று கேட்டார். அதற்கு முன்பே 50லிருந்து 100க்கு மாறியிருந்தார். "வேண்டாம்மா, ஆயிரம் போட்டாலும் இந்த எட்டுதான் வரும்" என்றேன்.

காரணம் இதுதான். பல நிறுவனங்கள் விபிஎன்னை முழுச் சுரங்கமாக அமைத்து வைக்கின்றன. அதாவது லேப்டாப்பிலிருந்து கிளம்பும் எதுவானாலும், வீடியோ மீட்டிங்கோ சாதாரண வெப்சைட்டோ விண்டோஸ் அப்டேட்டோ, முதலில் சென்னை ஆபீஸுக்குப் போய், அங்கிருந்து வெளியே வந்து, பதிலும் அதே வழியாகத் திரும்ப வேண்டும். ஆபீஸின் லைனையும் அங்குள்ள விபிஎன் கருவியையும் ஊழியர்கள் எல்லோரும் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். பத்து மணிக்கு எல்லோரும் லாகின் ஆகும்போது ஆளுக்கு எவ்வளவு மிஞ்சுகிறதோ, அதுதான் அந்தப் பெண்ணின் வேகம். இதனால்தான் அதே லேப்டாப் இரவு பத்து மணிக்குப் பறக்கிறது.

இதற்கு வழி இருக்கிறது. ஆபீஸ் சர்வருக்குப் போகவேண்டியதை மட்டும் விபிஎன்னில் அனுப்பிவிட்டு, மீட்டிங் போன்றவற்றை நேரே இன்டர்நெட்டில் விடலாம். ஸ்ப்ளிட் டனல் என்பார்கள். 2020 மார்ச்சில் உலகமே வீட்டுக்குள் முடங்கியபோது, தன்னுடைய டீம்ஸ் உள்ளிட்ட சேவைகளை இப்படிப் பிரித்து விடும்படி மைக்ரோசாஃப்ட் நிறுவனமே பரிந்துரைத்தது. வங்கி, மருத்துவம் போன்ற துறைகளில் பாதுகாப்புக்காக எல்லாவற்றையும் ஆபீஸ் வழியாகவே அனுப்ப வேண்டியிருக்கலாம், அது நியாயம்தான். அப்படியானால் ஆபீஸ் லைனைப் பெரிதாக்குங்கள், ஊழியரிடம் "உங்கள் வீட்டு நெட்டை மாற்றுங்கள்" என்று சொல்லாதீர்கள். ஊழியர்களும் கம்பெனி லேப்டாப்பில் தாங்களே அமைப்பை மாற்றிப் பார்க்கக் கூடாது. ஐ.டி. டீமிடம் கேட்டுத்தான் செய்ய வேண்டும்.

அடுத்து டிசிபி, யுடிபி விஷயம். இவை இன்டர்நெட்டில் டேட்டாவை அனுப்பும் இரண்டு முறைகள். ஓபன்விபிஎன் என்ற விபிஎன் மென்பொருளை இரண்டில் எதிலும் ஓட்டலாம். எந்த ஃபயர்வாலிலும் (நெட்வொர்க்கின் பாதுகாப்புத் தடுப்பு) தடுக்கப்படாது என்பதற்காகச் சில இடங்களில் டிசிபியில், பாதுகாப்பான வெப்சைட்டுகள் பயன்படுத்தும் 443ஆம் போர்ட்டில் வைத்துவிடுகிறார்கள். டேட்டா பாக்கெட் என்ற சிறு துண்டுகளாகப் போகிறது. டிசிபி என்பது தொலைந்த பாக்கெட்டைத் திரும்ப அனுப்பும் முறை; யுடிபி அப்படித் திரும்ப அனுப்பாது. விபிஎன்னுக்குள் ஓடும் டவுன்லோடும் டிசிபி, வெளியே விபிஎன்னும் டிசிபி என்றால், வைஃபையில் சில பாக்கெட் தவறினாலே உள்ளேயும் வெளியேயும் இரண்டு பேரும் திரும்ப அனுப்பத் தொடங்குவார்கள். ஒன்று மற்றொன்றுக்காகக் காத்து நிற்க, வேகம் விழுந்துவிடும். யுடிபிக்கு மாற்ற முடிந்தால் முதலில் அதைச் செய்யுங்கள். 2020 மார்ச்சில் லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலில் சேர்ந்த வயர்கார்ட் என்ற விபிஎன் யுடிபியில் மட்டுமே ஓடும்; இலகுவானது, பழைய கம்ப்யூட்டரையும் அதிகம் திணறடிக்காது.

இன்னொன்று இருக்கிறது. இதைக் கண்டுபிடிப்பதற்குள் லைன்மேன்களுக்குப் போதும் போதும் என்று ஆகிவிடும். மெயில் வரும், சாட் போகும், அட்டாச்மென்ட் மட்டும் சுற்றிக்கொண்டே நிற்கும். சில வெப்சைட் திறக்கும், சில திறக்காது. இது எம்டியு, அதாவது ஒரு பாக்கெட் எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்ற அளவு. சாதாரணமாக 1500 பைட். யூசர் நேம், பாஸ்வேர்ட் போட்டு இணையும் பிபிபிஓஇ முறையில் 8 பைட் போய் 1492. விபிஎன் என்பது உறைக்குள் உறை போடுகிற வேலை. வெளி உறைக்கும் இடம் வேண்டும். வயர்கார்ட் பழைய இணைய முகவரி முறையான ஐபிவி4இல் 60 பைட்டும் புதிய முறையான ஐபிவி6இல் 80 பைட்டும் எடுத்துக்கொள்ளும். வயர்கார்டின் வழக்கமான எம்டியு 1420. ஐபிவி6 வழியாகப் போகும்போது 1492இல் 80 கழித்தால் 1412தான் மிச்சம். 1420 அதற்குள் அடங்காது. பெரிய பாக்கெட்டுகள் துண்டாகும், இல்லையென்றால் சத்தமில்லாமல் கீழே விழும். விபிஎன் அமைப்பில் எம்டியுவை 1412 என்று மாற்றினால் அதே லைனில் அட்டாச்மென்ட் ஓடும். ஒரு எண்ணை மாற்றுகிற வேலை இது. இதற்காக மோடத்தை மாற்றி, ஃபைபரை வெட்டி மறுபடி ஒட்டி இணைத்தவர்களை நான் அறிவேன்.

சொந்த உபயோகத்துக்கு விபிஎன் ஆப் போட்டிருப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். வாடிக்கையாளர் விவரங்களை 5 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்று 2022 ஏப்ரலில் மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் விபிஎன் நிறுவனங்களுக்கு உத்தரவு போட்டதும், எக்ஸ்பிரஸ்விபிஎன், சர்ஃப்ஷார்க், நார்ட்விபிஎன் போன்றவை தங்கள் சர்வர்களை இந்தியாவிலிருந்து எடுத்துவிட்டன. அதன்பின் ஆப்பில் "இந்தியா" என்று தேர்ந்தெடுத்தாலும் மெஷின் சிங்கப்பூரிலோ லண்டன் பக்கத்திலோ இருக்கலாம். ஃபைபருக்குள் ஒளி வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடுகிறது. சென்னையிலிருந்து சிங்கப்பூர் ஏறத்தாழ 2,900 கிலோமீட்டர் என்றால், போய் வரவே 29 மில்லிசெகண்ட்; கடலுக்கடியில் கேபிள் சுற்றிப் போகும் தூரம் தனி. லண்டன் என்றால் 80க்கும் மேல். கோவில்பட்டியில் உட்கார்ந்து சென்னை சர்வரில் இருக்கும் வீடியோவைப் பார்க்க இவ்வளவு சுற்று. பக்கத்து நாட்டு சர்வராகத் தேர்ந்தெடுங்கள், தேவை முடிந்ததும் ஆஃப் செய்யுங்கள்.

வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வருபவர்கள் வீட்டில் இதை அடிக்கடி பார்க்கிறேன். துபாயில் வாட்ஸ்ஆப் கால் பேச முடியாததால் ஏதோ ஒரு இலவச விபிஎன்னைப் போனில் போட்டிருப்பார்கள். ஊருக்கு வந்த பிறகும் அது தானாக இணைந்துகொண்டே இருக்கும். அவருடைய போன் மட்டும் மெதுவாக இருக்கும், குழந்தைகளின் போன் வேகமாக இருக்கும். ஆண்ட்ராய்டில் மேலே சின்னதாக ஒரு சாவிப் படம் தெரிந்தால் விபிஎன் ஓடுகிறது என்று அர்த்தம். வேகத்தைவிட எனக்குப் பெரிய கவலை அந்த இலவச ஆப்கள்தான். ஆஸ்திரேலிய அரசின் அறிவியல் ஆய்வு நிறுவனமான சிஎஸ்ஐஆர்ஓவின் ஆய்வாளர்கள் 2016இல் 283 ஆண்ட்ராய்டு விபிஎன் ஆப்களைச் சோதித்தபோது, 18 சதவீதம் எதையும் என்கிரிப்ட் (பிறர் படிக்க முடியாதபடி மறைத்தல்) செய்யவே இல்லை; 38 சதவீதத்தில் மால்வேர் (தீங்கு செய்யும் மென்பொருள்) அறிகுறிகள் இருந்தன. வங்கி ஆப் இருக்கிற போனில் இப்படி ஒன்று எதற்கு? தயவுசெய்து நீக்கிவிடுங்கள்.

வாசகர்களிடம் நான் கேட்பது, புகார் கொடுக்கும் முன் இரண்டு தடவை ஸ்பீட் டெஸ்ட் எடுங்கள்: லேன் கேபிளில், ஒரு தடவை விபிஎன் இல்லாமல், ஒரு தடவை விபிஎன்னோடு. இரண்டையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். முதலாவதே குறைவாக இருந்தால் எங்களைக் கூப்பிடுங்கள், வர வேண்டியது எங்கள் கடமை. இரண்டாவது மட்டும் விழுந்தால் அந்தப் படங்களைக் கம்பெனி ஐ.டி. டீமுக்கு அனுப்புங்கள்.

நிறுவனங்களிடமும் ஒரு வேண்டுகோள். வீட்டிலிருந்து வேலை என்று லேப்டாப்பை அனுப்பும்போதே, விபிஎன் முழுச் சுரங்கமா பிரித்ததா, யுடிபியா டிசிபியா, எம்டியு எவ்வளவு, ஓர் ஊழியருக்கு ஆபீஸ் பக்கம் எவ்வளவு வேகம் கிடைக்கும் என்பதை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். அந்தக் கிளெய்ம் பார்க்கும் பெண் ஸ்கிரீன்ஷாட்டுகளை அனுப்பிக் கேட்ட பிறகுதான் மீட்டிங்கை விபிஎன்னுக்கு வெளியே விட்டார்கள். 300 பிளானுக்கு அவர் மாறவில்லை, 50க்கே திரும்பிவிட்டார். எனக்கு வருமானம் குறைவுதான், இருந்தாலும் அவருக்கு அதுவே போதும்.

இப்படிக்கு,
ஃபைபர் இணைப்பு ஆபரேட்டர்,
கோவில்பட்டி.