பூட்டான் சுவர்ப் படங்கள் பற்றி

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள் என்று படித்ததும் இங்கே எல்லோருக்கும் சந்தோஷம்.

நான் அனுப்பிய பூட்டான் படங்களைப் பார்த்துவிட்டு, "பௌத்த நாட்டில் வீட்டுச் சுவரில் ஆண்குறியா?" என்று கேட்டிருந்தாய். கேட்க வேண்டிய கேள்விதான். வாசலுக்கு இருபுறமும், ரிப்பன் கட்டியதுபோல, சில இடங்களில் கண்ணும் வைத்து வரைகிறார்கள். மரத்தில் செதுக்கிக் கூரையின் நான்கு மூலைகளிலும் தொங்கவிடுவதும் உண்டு. பிள்ளை வரம் ஒரு பக்கம் இருக்கட்டும். ஊரார் பொறாமையும் புறம்பேச்சும் வீட்டைத் தீண்டாமல் காப்பதுதான் சுவரில் அதற்கு முக்கிய வேலை. பார்க்கிறவர் கூசிக் கண்ணைத் திருப்பிக்கொண்டால் திருஷ்டி அங்கேயே கழிந்துவிடும், நான் அப்படித்தான் புரிந்துகொண்டேன்.

இந்த வழக்கத்தைத் துருக்பா குன்லே (1455–1529) என்ற துறவியோடு சேர்த்துச் சொல்கிறார்கள். திபெத்தில் பிறந்தவர். குடியும் பாட்டும் காதலுமாக ஊர் ஊராகத் திரிந்து, மடத்துப் போலித்தனத்தைக் கேலி செய்து தர்மம் சொன்னவர். பூட்டானின் தோச்சு லா கணவாயில் இருந்த அரக்கியை அவர் தன் குறியாலேயே அடக்கினார் என்பது கதை. ஆசையை அறுக்காமல் அதையே ஞானமாக மாற்றும் வழி பூட்டான்காரர்கள் பின்பற்றும் வஜ்ரயான பௌத்தத்தில் உண்டு. அதைத் தெரிந்துகொண்டால் இந்தக் கதை ஆபாசமாகப் படாது.

புனாக்கா பக்கம் வயல்களுக்கு நடுவே ஒரு மேட்டில் அந்தத் துறவியோடு தொடர்புடைய சிமி லாகாங் கோயில் இருக்கிறது. 1499-ல் கட்டியது. வருகிறவர்களின் தலையில் மரக்குறியையும் வில் அம்பையும் வைத்து ஆசி தருகிறார்கள். குழந்தை வேண்டும் பெண்கள் பெரிய மரக்குறி ஒன்றைக் கையில் ஏந்திக் கோயிலைச் சுற்றி வருகிறார்கள். அப்படிப் பிறந்த பிள்ளைக்குக் கின்லே என்று குன்லேயின் பெயரையோ, சிமி என்று கோயில் பெயரையோ வைப்பது வழக்கம்.

மேட்டுக்குக் கீழே கடைகளில் இந்த மரக்குறியையே சாவிக்கொத்தாகவும் விற்கிறார்கள். அதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை, செதுக்குகிறவரும் பிழைக்க வேண்டும். ஆனால் கடைவாசலில் சத்தமாகச் சிரித்துப் படமெடுக்கிற பயணிகளைத் தாண்டித்தான் அந்தப் பெண்கள் மேடேற வேண்டியிருக்கிறது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

ஒன்று கேட்கிறேன், செல்வம். அந்தப் படங்களை நம் பள்ளிக்கூட வாட்ஸ்அப் குழுவில் வேடிக்கைக்காகப் போட்டுவிடாதே. யாராவது கேட்டால் கதையையும் சேர்த்துச் சொல்லிக் காட்டு.

அன்புடன்,
ராகவன்