கம்பியைக் கொஞ்சம் குறுக்கால போடுங்க சார்

சென்னை ஈ.சி.ஆர். (கிழக்குக் கடற்கரைச் சாலை) ரோட்டையும் அதோட மழைநீர் வடிகாலையும் பார்த்துக்கற அதிகாரிகளுக்கு வணக்கம்.

நான் ரேஸ் சைக்கிள்காரன் இல்ல. ஞாயித்துக்கிழமை விடியக்காலைல திருவான்மியூர்ல ஏறி, முட்டுக்காடு பாலத்துல நின்னு தண்ணிய வேடிக்கை பார்த்துட்டு, கோவளத்துல ஒரு டீ குடிச்சிட்டு திரும்பற ஆளு. போக வர அம்பது கிலோமீட்டர் சொச்சம், அவசரமே கிடையாது. போன வாரம் திரும்பி வர்றப்போ நீலாங்கரை தாண்டி பின்னாடி ஒரு பஸ் ஹாரன் அடிச்சான்னு ஓரமா ஒதுங்கினேன், முன் சக்கரம் வடிகால் கம்பி மூடிக்குள்ள சொருகி அப்படியே நின்னுடுச்சு, நான் மட்டும் ஹேண்டில் பாருக்கு மேல பறந்து ரோட்டுல விழுந்தேன். பஸ் டிரைவர் பிரேக் போட்டதால இத டைப் பண்ணிட்டு இருக்கேன்.

எந்திரிச்சு உக்காந்து அந்த மூடியத்தான் முதல்ல பார்த்தேன். கம்பி எல்லாம் ரோடு போற திசையிலேயே நீளவாக்குல இருக்கு. நடுவுல இருக்கற சந்துல என் ரெண்டு விரல் தாராளமா போகுது. என் டயர் 28 மில்லிமீட்டர், வேற எங்க சார் போகும்? இதே கம்பி குறுக்கால இருந்தா ஒரு தடக் தடக், அவ்ளோதான். தண்ணி உள்ள இறங்கறது கொஞ்சம் குறையலாம், ஆனா சக்கரம் மாட்டாது.

லட்ச ரூபா சைக்கிள்காரனுக்கு வந்த கவலைன்னு நினைச்சுடாதீங்க. என்னைத் தூக்கி விட்டதே நைட் டியூட்டி முடிச்சு பழைய சைக்கிள்ல வீட்டுக்குப் போன ஒரு வாட்ச்மேன் அண்ணன்தான். "இதுல நானும் ஒருவாட்டி மாட்டிருக்கேன் தம்பி"ன்னு சாதாரணமா சொல்றாரு. பிளஸ் ஒன் பிள்ளைங்களுக்கு அரசாங்கமே இலவசமா சைக்கிள் குடுக்குது, அந்தப் பிள்ளைங்களும் இதே ஓரத்துலதான் வரணும்.

கோவளம் பீச்சுக்கு 2021ல நீலக்கொடி (சுத்தமான, பாதுகாப்பான பீச்சுக்குக் குடுக்கற சர்வதேச சான்று) வாங்கினோம், சந்தோஷம், பீச் உலகத் தரம். அங்க போற ரோட்டு ஓரம் எந்த நாட்டுத் தரம்னுதான் தெரியல! பாதி தூரம் மணல், மீதி தூரம் பார்க்கிங் பண்ண கார், அதுவும் இல்லாத இடத்துல ராங் சைடுல பைக். உத்தண்டி டோல்ல சைக்கிளுக்கு காசு வாங்கறதில்ல, ஒருவேளை அதனாலதான் எங்கள யாரும் கணக்குலயே சேர்க்கலையோ என்னவோ.

சரி, கோவத்துல எங்கயோ போயிட்டேன், மன்னிச்சுக்கோங்க. கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான். மூடிய மாத்தக்கூட வேணாம், மேல குறுக்கால நாலு பட்டைக் கம்பி வச்சு வெல்டிங் அடிச்சா போதும். அந்த வாட்ச்மேன் அண்ணன் அங்கயே கிடந்த ஒரு சுண்ணாம்புக் கல்லால மூடிய சுத்தி வட்டம் போட்டு வச்சிருக்காரு. ஐப்பசி மழையில அது அழிஞ்சிடும், முட்டி அளவு தண்ணி நின்னா மூடியும் தெரியாது. அதுக்குள்ள தயவுசெஞ்சு ஆள் அனுப்புங்க.