தையல் போட்ட பிறகு யார் சொல்வதைக் கேட்பது?

ஆசிரியருக்கு வணக்கம்.

அறுவை சிகிச்சையில் வந்திருக்கும் புதிய கருவிகளைப் பற்றி உங்கள் இதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஆபரேஷன் தியேட்டர் கதவோடு கட்டுரை நின்றுவிட்டது. நோயாளிக்கு வேலை ஆரம்பிப்பதே அந்தக் கதவைத் தாண்டி வார்டுக்கு வந்த பிறகுதான். நார்க்கட்டிக்காக வயிற்றைத் திறந்து கர்ப்பப்பையை எடுத்தவள் நான். அந்த அனுபவத்தில் இதை எழுதுகிறேன்.

வார்டில் நமக்குப் புத்தி சொல்ல இரண்டு தரப்பு உண்டு. காலை ரவுண்ட்ஸில் டாக்டர் வந்து, "நடங்க, தண்ணி நல்லா குடிங்க, எல்லாம் சாப்பிடலாம்" என்று அரை நிமிஷத்தில் சொல்லிவிட்டுப் போவார். மிச்ச நேரம் முழுக்க கூட இருக்கும் அம்மா, மாமியார், பெரியம்மா ராஜ்யம். "அசையாம படு. தண்ணி குடிச்சா தையல் சீழ் பிடிக்கும். பருப்பு ஆகாது, கத்தரிக்காய் ஆகாது, முட்டை பக்கமே போகாதே." யார் ஜெயிப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. தண்ணீர் டம்ளர் அவர்கள் கையில்தானே இருக்கிறது!

பக்கத்து பெட்டில் சிசேரியன் ஆன சின்னப் பெண். குடிக்கலாம் என்று டாக்டர் சொல்லியும், அவள் அம்மா வெந்நீரில் உதட்டை நனைக்க விட்டதோடு சரி. பிள்ளைக்குப் பால் கொடுக்கிற உடம்பு அது. சிறுநீர் டியூபை எடுத்த பிறகு தண்ணீர் குறைந்தால் நீர்க்கடுப்பு வரும், மலம் இறுகும், முக்கினால் தையல் இழுக்கும். சீழ் வருவது கிருமியால். குடிக்கிற தண்ணீர் தையலுக்குப் போய்ச் சேருவதில்லை. புண் ஆறுவதற்கு உடம்பு கேட்கும் புரதம் அந்தப் பருப்பிலும் முட்டையிலும்தான் இருக்கிறது. சாப்பாட்டோடு வந்த முட்டையை அந்த அம்மா தானே சாப்பிட்டுவிட்டு, மகளுக்கு ரொட்டியைப் பாலில் தோய்த்துக் கொடுத்தார். பாசத்தில் குறை சொல்ல முடியாது. (குடலில் அறுவை செய்தவர்களுக்குக் கணக்கு வேறு. எப்போது, எதைச் சாப்பிடலாம் என்பதை அவர்களுடைய டாக்டர்தான் சொல்ல வேண்டும்.)

பெரியவர்களைக் கேலி செய்யவும் எனக்கு மனமில்லை. "அசையாமல் படு" என்பது ஒரு காலத்தில் டாக்டர்களே சொன்னதுதான். இரண்டாம் உலகப் போர்க் காலம் வரை மேல்நாட்டு ஆஸ்பத்திரிகளிலும் வயிற்றைத் திறந்தவர்களை வாரக்கணக்கில் படுக்க வைப்பது வழக்கமாக இருந்தது. படுத்தே கிடந்தால் கெண்டைக்கால் ரத்தக் குழாயில் ரத்தம் உறையலாம், அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போய் அடைத்தால் உயிருக்கே ஆபத்து, நெஞ்சில் சளி தங்கும், குடல் விழித்துக்கொள்ள நாளாகும் என்பதெல்லாம் புரியப் புரியத்தான் மறுநாளே எழுப்பி நடக்கவிடும் பழக்கம் வந்தது. 1990களில் டென்மார்க்கின் அறுவை மருத்துவர் ஹென்ரிக் கெலட் இதை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோனார். வலியைச் சரியாக அடக்குவது, சீக்கிரம் சாப்பிட வைப்பது, சீக்கிரம் நடக்க வைப்பது எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துச் செய்தபோது, பெருங்குடல் அறுவை ஆனவர்கள்கூட இரண்டு மூன்று நாளில் வீட்டுக்குப் போக முடிந்தது. அந்த முறையில் முதல் படி என்ன தெரியுமா? அறுவைக்கு முன்பே நோயாளியை உட்கார வைத்து, பிறகு என்னென்ன நடக்கும் என்று விளக்கிச் சொல்வது.

நம் ஊரில் விடுபட்டுப் போவது அந்த முதல் படிதான். மயக்கம் முழுசாகத் தெளியாதவளிடம், வலியில் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பவளிடம் சொன்னால் எது ஏறும்? மூன்று பந்து உள்ள பிளாஸ்டிக் மூச்சுக் கருவியை வாங்கிவரச் சொல்கிறார்கள். காசு கொடுத்து வாங்கியும் வார்டில் பாதிப் பேர் அதை ஊதிக்கொண்டிருந்தார்கள். மூச்சை உள்ளே இழுத்துப் பந்தை மேலே நிறுத்த வேண்டும் என்று பிஸியோதெரபி பெண் வந்து சொன்ன பிறகுதான் விஷயம் தெரிந்தது. இருமும்போது தலையணையை வயிற்றோடு அணைத்துப் பிடித்தால் தையல் அவ்வளவாக வலிக்காது என்பதும் அப்படித்தான். எவ்வளவு எளிய விஷயம்! அதற்கும் யாராவது ஒருவர் வாயைத் திறந்து சொல்ல வேண்டியிருக்கிறது.

வலி மாத்திரை இன்னொரு தகராறு. "பொறுத்துக்கோ, மாத்திரை கிட்னிக்கு ஆகாது" என்பார்கள். பொறுத்துக்கொள்ளும் பெண்ணுக்கு வார்டு முழுக்கப் பாராட்டும் கிடைக்கும். ஆனால் வலி இருந்தால் ஆழமாக மூச்சு இழுக்க முடியாது, இரும முடியாது, நடக்க முடியாது. டாக்டர் எழுதிய அளவில், எழுதிய நாட்களுக்கு மாத்திரை போடுவது இதற்காகத்தான். அப்புறம் "காத்து பிரிஞ்சுதா?" என்ற கேள்வி. குடல் வேலை செய்ய ஆரம்பித்துவிட்டதா என்று அறியத்தான் டாக்டர் கேட்கிறார். எங்கள் வார்டில் கல்யாணமாகாத ஒரு பெண், சுற்றி இத்தனை பேர் இருக்கும்போது எப்படிச் சொல்வது என்று வெட்கப்பட்டு, ஆகியும் ஆகவில்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். கடைசியில் அவளுடைய ஆயா எல்லோருக்கும் கேட்கிற மாதிரி அறிவித்துவிட, தையல் வலிக்க வலிக்கச் சிரித்தோம்.

வீட்டுக்கு அனுப்பும்போது கையில் கொடுக்கும் டிஸ்சார்ஜ் காகிதம் முழுக்க ஆங்கிலம். மருந்துக் கடைக்காரர் அட்டையில் 1-0-1 என்று எழுதிக் கொடுப்பதால் மாத்திரையாவது தப்பிக்கிறது. "வெயிட் தூக்காதீங்க" என்று வாயால் சொல்வதோடு மற்றது முடிந்துவிடுகிறது. குழாயில் தண்ணீர் வரும் வீட்டில் இருப்பவருக்கு அது போதும். தெருவில் லாரி வந்து நின்றால் குடத்தோடு ஓட வேண்டியவளிடம், "ஆறு வாரத்துக்குத் தண்ணீர்க் குடம் தூக்கக் கூடாது, கேஸ் சிலிண்டரை நகர்த்தக் கூடாது" என்று பொருளைச் சொல்லித்தான் சொல்ல வேண்டும். அதை அவள் புருஷன் காதிலும் போட வேண்டும். காய்ச்சல், தையலில் நீர் அல்லது நாற்றம், ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், திடீர் மூச்சுத்திணறல் இவற்றில் எது வந்தாலும் காத்திருக்காமல் உடனே வர வேண்டும் என்பதைத் தமிழில், பெரிய எழுத்தில் ஒரு பக்கம் அச்சடித்துக் கொடுக்க என்ன செலவாகிவிடும்?

நர்ஸுகளுக்கு நேரமில்லை என்பார்கள். உண்மைதான், கண்ணால் பார்த்தேன். ஆனால் பெரிய ஆஸ்பத்திரிகளில் நர்ஸிங் மாணவிகள் பயிற்சிக்கு வருகிறார்கள். அறுவைக்கு முந்தின நாள் சாயங்காலம், பார்வையாளர் நேரத்தில், அவர்களில் ஒருவர் வந்து நோயாளியிடமும் கூட இருப்பவரிடமும் கால் மணி நேரம் பேசலாம். அந்த நேரத்தில்தான் பெரியம்மாக்களும் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்து உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்கும் சேர்த்தே சொல்லிவிடலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கும்பகோணம்.